ரஹ்மத் அக்கா எழுதிய வீட்டுப்பாடம்

அதிகாலை ஐந்து மணியை நான் என் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் "ஐ கெட் அப் அட் ஃபைவ்" என்று பதினெட்டுப் பேரை ஒரே குரலில் சொல்ல வைத்திருக்கிறேன்.

கறம்பக்குடியில் ஒரு மாடி அறையில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றாட வேலைகளைச் சொல்வதுதான் முதல் பாடம். உதாரணத்துக்கு என் அன்றாடத்தையே போர்டில் எழுதிப் போட்டேன்: ஐந்துக்கு எழுகிறேன், யோகா செய்கிறேன், ஆங்கிலப் பேப்பர் படிக்கிறேன், அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருகிறேன். (கையில் சாக்பீஸ் இருந்தால் எதையும் எழுதலாம் என்று நினைத்த வயசு.)

முதல் பெஞ்சில் ரஹ்மத் அக்கா. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பவர். துபாயில் இருக்கும் கணவரிடம் போவதற்குள் நாலு வார்த்தை பேசப் பழக வந்தவர். எதையும் கேட்காமல் விட மாட்டார்.

"சார், நான் எந்திரிச்சா கெட் அப்பு. அவரு எந்திரிச்சா மட்டும் ஏன் கெட்ஸ் அப்பு? அந்த எஸ் எங்கேருந்து வருது?"

சத்தியமாக எனக்கும் தெரியாது. "அடுத்தவங்களப் பத்திச் சொன்னா எஸ் போடணும், அவ்வளவுதாங்க்கா" என்று தப்பித்து, அதையே வீட்டுப்பாடமாகவும் கொடுத்தேன்: தெரிந்த ஒருவரை ஒரு வாரம் கவனித்து, அவர் தினமும் என்னென்ன செய்கிறார் என்று எழுதி வரவேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பில் சேர வந்தவர் போலிருக்கிறது, நம் திறமையைக் காட்டுவோம் என்று ரஹ்மத் அக்காவை எழுந்து படிக்கச் சொன்னேன்.

"சார் கெட்ஸ் அப் அட் நைன் தர்ட்டி."

எந்த சார் என்று நான் யோசிப்பதற்குள் அடுத்த வரிகள் வந்துவிட்டன.

"ஹிஸ் மதர் ஷவுட்ஸ். ஹி ஸ்லீப்ஸ் அகெய்ன். ஹிஸ் மதர் த்ரோஸ் வாட்டர். ஹி ஸிட்ஸ் இன் வாசப்படி. ஹி லுக்ஸ் அட் செல்போன். ஹிஸ் மதர் கட்ஸ் வெஜிடபிள்ஸ்."

ஓர் எஸ்கூட விட்டுப்போகவில்லை. வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. எனக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன.

"ஏங்க்கா, வேற ஆளே கெடைக்கலையா?"

"மெஷின்ல உக்காந்தா நேரா நீங்கதான சார் தெரியிறீங்க!"

வேட்டிக்காரர் எழுந்து முன்னால் வந்தார். "தம்பி, ஒங்க அம்மா ஜாதகம் குடுத்துவிட்டாங்கல்ல, அந்தப் பொண்ணோட அப்பா நான். ஒங்களப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிக்கலாம்னு வந்தேன்."

அவர் ரஹ்மத் அக்கா பக்கம் திரும்பினார். "எனக்குப் பாதிதாம்மா புரிஞ்சிச்சு. அந்தப் பேப்பரக் குடுங்க, எம் மக முழுசாப் படிச்சிரும்."

பத்து நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு பெண் வீட்டிலிருந்து அந்தத் தாள் திரும்பி வந்தது. 'இன் வாசப்படி'யில் இருந்த 'இன்' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, 'ஆன்' ஆகியிருந்தது. அடியில் தமிழில் ஒரு கேள்வி: "தண்ணீர் ஊற்றினால் எழுந்துவிடுவாரா?"

அடுத்த தை மாதம் கல்யாணம். விசேஷ வீடுகளில் மாப்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மாமனார் இன்றைக்கும் என்னைக் கைகாட்டிச் சொல்வார்: "எல்லாரும் வாய்வார்த்தையா விசாரிச்சுப் பொண்ணு குடுத்திருக்கீங்க. நான் மட்டுந்தான் எழுதி வாங்கிட்டுக் குடுத்தேன்."