பத்தொன்பது நட்டுகளும் ஒரு பிரதக்ஷிணமும்

லக்ஷ்மீபுரம், மைசூர்
4-2-1937, வியாழக்கிழமை

சிரஞ்சீவி சாம்புவுக்கு உன் அத்திம்பேர் நாராயணஸ்வாமி அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்கா அன்னபூர்ணியும் உன் மருமாள், எங்கள் பெண் கனகலக்ஷ்மியும் ஈசுவர கிருபையால் சௌக்கியம். படுத்துக் கிடப்பது கார் ஒன்றுதான். அதற்கு வைத்தியம் பார்க்க மாரிசாமி என்று ஒரு மெக்கானிக்கை நீ சிபாரிசு செய்து அனுப்பினாயே, அந்த மகானுபாவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நிதானமாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு வெட்கப்படு.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பெங்களூரிலிருந்து பிள்ளை வீட்டார் கனகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்த சம்பந்தத்தைப் பேசியவனே நீ. ஸ்டேஷனுக்குச் சொந்தக் காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று பிள்ளையின் தகப்பனாருக்கு நான் எழுதிவிட்டேன். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் இன்று வரை போடவில்லை. இதுவும் தட்டிப் போனால் உன் அக்கா தாங்கமாட்டாள். நான் வெளியே சொல்வதில்லை, நானும் தாங்கமாட்டேன். அதனால்தான் புகை கக்கிக்கொண்டிருந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுசாக்கித் தரச் சொல்லி அவனிடம் ஒப்படைத்தேன். கௌதள்ளி என்கிற ஊர்க்காரனாம், கை சுத்தமாம், நீ எழுதியிருந்தாய். மூன்று வாரம் என் கொல்லை முழுக்க இரும்பைப் பரப்பி வைத்து, துளசி மாடத்தைச் சுற்ற வழியில்லாமல் பண்ணினான். அதையும் பொறுத்தேன்.

பொறுக்க முடியாதது இனிமேல்தான். எஞ்சினுக்குத் தலையில் ஒரு கனத்த மூடி இருக்கிறது. அதற்கும் அடிப் பாகத்துக்கும் நடுவே செப்புத் தகடு போட்ட கேஸ்கெட். மேலே பத்தொன்பது நட்டு. ராகுகாலம் கழித்து மூடியை ஏற்றச் சொன்னேன். இந்த மேதாவி நட்ட நடுவில் ஒரு நட்டைப் பிடித்தான். அங்கிருந்து இந்தப் பக்கம் ஒன்று, தாவி அந்தப் பக்கம் ஒன்று. நிறுத்தச் சொல்லி, பிரதக்ஷிணமாகச் சுற்றி வந்து முடுக்கு என்றேன்.

"அப்படி முடுக்கினா தகடு ஒரு பக்கமாத் தூக்கிக்குமுங்க சாமி. நடுவுல புடிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித்தானுங்க முடுக்கோணும்" என்றான்.

"ஏண்டா, நட்டே வலப்பக்கம் சுத்தினாத்தானே இறுகறது! அதைப் பண்ணின வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்ச பிரதக்ஷிணம் உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். கனகம் காரோடு வந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அப்பா, படத்துல அவர் சொல்றாப்பலதான் போட்டிருக்கு" என்றாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு நட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்திலேயே நின்று பத்தொன்பதையும் சுற்று வரிசையில் முடுக்க வைத்தேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினால், சாமுண்டி மலைப் பாதையில் பாதி ஏறவில்லை, மூடிக்கடியில் தண்ணீர் சீறுகிறது, ஆவி கிளம்புகிறது, எஞ்சினுக்குள்ளே எண்ணெய் மோர்க்குழம்பு நிறத்தில் இருக்கிறது! வழியில் போன புண்ணியவான்கள் நாலு பேர் பிடித்து வண்டியைத் திருப்பிவிட்டார்கள்; இறக்கம் என்பதால் மானம் பிழைத்தது.

யோசித்துப் பார்த்தேன். ஈசான்ய மூலையில் ஆரம்பிக்காததுதான் தப்பு என்று புரிந்தது. காரைக் கிழக்கு முகமாக நிறுத்தி, வேறு கேஸ்கெட் வைத்து, ஈசான்யத்தில் தொடங்கி மூன்று பிரதக்ஷிணம் முடுக்க வைத்தேன். முன்னே கசிந்தது, இப்போது ஊற்றுகிறது. அந்தப் பயல் அப்போதும் நடுவிலிருந்து என்றே பாட்டுப் பாடுகிறான்! இடமும் வலமுமாகத் தாவுவது செத்தவர்களுக்குப் பண்ணுகிற அபரக் காரியத்துக்கு ஆகும், பெண் கல்யாணத்துக்கு ஆகுமா? இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய மூன்றாவது கேஸ்கெட் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதைத் தொட இந்த ஊரில் யோக்கியதையுள்ளவன் ஒருவனும் இல்லை.

ஆகையால் கடிதம் கண்டவுடன் பிள்ளை வீட்டுக்குப் போய், எனக்குக் கடும் ஜுரம், பெண் பார்ப்பதை அடுத்த மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல். காரைப் பற்றி மூச்சு விடாதே. இனி மனுஷாளையும் மெஷினையும் சிபாரிசு செய்யாதே. உனக்கு இரண்டும் தெரியாது. உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இரு, புத்தியோடும் இரு.

இப்படிக்கு,
நாராயணஸ்வாமி

பி.கு.: இன்று ஞாயிறு சாயங்காலம். மேலே கண்ட கடிதம் தபாலில் சேராமல் என் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. நேற்று நான் நஞ்சன்கூடு கோயிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து உன் அக்கா மாரிசாமிக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். கனகம் புத்தகத்தைப் பார்த்து நட்டுகளின் பக்கத்தில் சாக்கட்டியால் ஒன்று முதல் பத்தொன்பது வரை எண் போட, அவன் அலமாரியிலிருந்த கேஸ்கெட்டை வைத்து நடுவிலிருந்து முடுக்கியிருக்கிறான். இன்று ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தேன். ஒரு சொட்டு இல்லை. வாசலில் இறங்கியதும் பிள்ளை பானெட்டைத் திறந்து பார்த்து, "இந்த நம்பரெல்லாம் யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "இல்லை, நான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளை சிரித்தார். சொஜ்ஜி பஜ்ஜி வருவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார். அவர் தகப்பனாரும் தலையாட்டிவிட்டார். சித்திரையில் முகூர்த்தம். வேறு காகிதம் வீணாக வேண்டாம் என்று இதிலேயே எழுதுகிறேன். மேலே உள்ளதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மாரிசாமியை நேரில் போய்க் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டும் என்கிறாள் உன் அக்கா. நீ உடனே புறப்பட்டு வா. அவன் வீட்டு வாசலில் நீ முதலில் நுழை. நான் பின்னால் வருகிறேன்.