என்னை யாரும் அவதூறு செய்யவில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை, வக்கீல் சுகுமார் அவர்களுக்கு,

காவாந்தண்டலத்திலிருந்து மாமனார் சடையப்பன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். நீங்களும் மகள் இளமதியும் எல்லா அளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் என் பங்காளி வேதகிரியைப் பற்றியது. ஆடி இரண்டாம் ஞாயிறு அம்மன் கோயிலில் அவன் கூழ் ஊற்றினான். அன்று மாலையே ஊர் வாட்ஸ்அப் குழுவில் தினேஷ்குமார் என்கிற பையன், 'கூழுல தண்ணிதான் கீது, கேவுரு மாவ வித்துட்டாரு போல' என்று எழுதிவிட்டான். வேதகிரி வக்கீல் நோட்டீஸ் விட்டான், பையன் மன்னிப்புக் கேட்டான், ஊரே வேதகிரி வீட்டுக்குத் திரண்டு போய், "உன்னப் போயி இப்டி சொல்லிட்டானேபா" என்று துக்கம் விசாரித்தது. வந்தவர்கள் உட்கார நாற்காலி போதாமல் என் வீட்டிலிருந்து வாங்கிப் போனார்கள். கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வயதில் என்னை ஒருவன் அவதூறு செய்ததில்லை. கெடுப்பதற்கு என்னிடம் பெயரே இல்லை என்றல்லவா அர்த்தம்?

மூன்றாம் ஞாயிறு என் முறை. நேருக்கு நேர் திட்டினால் போதாது, நம் மதிப்பைக் குறைக்கும் பேச்சு மூன்றாம் மனிதர் காதுக்குப் போனால்தான் அவதூறு என்று நீங்கள் போனில் விளக்கியிருந்தீர்கள். அதை மனதில் வைத்துக் கூழில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். எதிர்வீட்டுப் பரிமளா குடித்துவிட்டு, "வெயிலுக்கு எதமா கீது" என்று பெரிய தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். உங்கள் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்: "ஊத்துனது தண்ணி. எவனாச்சும் தண்ணினு சொன்னா அது நெசந்தான? ஊரு நல்லதுக்கு நெசத்த சொன்னா கேசு நிக்காதுன்னு மாப்ள சொல்லல? அர காதுல கேட்டுகினு பேஜார் பண்றியே!"

பொறுக்காமல் ஐசக் டீக்கடையில் நானே கத்தினேன்: "வேதகிரி ஊத்துன தண்ணியவிட என் கூழு தண்ணி! கேக்க ஆளில்லியா?"

ஐசக் டீயை ஆற்றிக்கொண்டே, "கூழு நீயா ஊத்துன, நைனா? கோயில்ல ஊத்தறாங்கன்னு குடிச்சிட்டு வந்தோம்" என்றார்.

ஆகவே, ஒன்றும் பேசாமலிருந்து என் மானத்தைக் கெடுத்ததாக ஊர் மொத்தத்தின் மேலும் கேஸ் போட வேண்டும். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லையென்றால், சட்டம் எழுதியவர்களுக்குப் பங்காளிகள் இல்லை என்று பொருள்.

நீங்கள் இருவரும் நாலு பேர் வாயில் விழுகிற அளவுக்குப் பெருவாழ்வு வாழ அம்மனை வேண்டும்,
சடையப்பன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது தபால்காரர் வந்தார். வேதகிரி எனக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறான். டீக்கடையில் அவன் கூழைத் தண்ணி என்று சொல்லிவிட்டேனாம். 'ஊரில் தங்கள் சொல்லுக்குப் பெருமதிப்பு உள்ளபடியால், அதை அனைவரும் நம்பி என் கட்சிக்காரரின் நற்பெயர் கெட்டது' என்று அவன் வக்கீலே எழுதியிருக்கிறார். பெருமதிப்பு, மாப்பிள்ளை! பதிவுத் தபாலில்! மேலே கேட்ட கேஸ் வேண்டாம். இந்த நோட்டீஸில் உள்ள எதையும் மறுத்து ஓர் எழுத்துகூட எழுதிவிடாதீர்கள். வேதகிரி வீட்டிலிருந்து நாற்காலிகளைத் திரும்ப வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறேன்.