நாலாவது கல்

"அப்பா, மேசை மேல வச்ச கல்லு எங்க?"

சங்கரியின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. பெங்களூரு ஆய்வகத்துக்குப் போகும் வழியில் காஞ்சிபுரத்து வீட்டில் இறங்கியவள், ஆராய்ச்சி நல்லபடியாக முடியவேண்டும் என்று கச்சபேசுவரரைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். அதற்குள் விண்கல்லைக் காணோம். தென்னேரி வயலில் கிடைத்த கல். அங்கே விழுந்த விண்கல்லில் உலகத்துக்குத் தெரிந்த ஒரே துண்டு. அவளுடைய டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

"அதுவா? தறியில கட்டிட்டேம்மா," என்றார் குமாரசாமி. "கரைப் பாவு தொய்ஞ்சிக்கினு இருந்துச்சு. மூணு கல்லு பத்தல."

தறிக்குப் பின்னால் சேலைக் கரையின் பாவு நூலை இழுத்துப் பிடித்தபடி நாலு கறுப்புக் கற்கள் தொங்கின.

"இதுல எதுப்பா என்னுது?"

"தெரியலியே."

"எடை போட்டா தெரிஞ்சிடும். என்னுது நானூத்திப் பன்னெண்டு கிராம்."

குமாரசாமி தலையைச் சொறிந்தார். "நாலும் ஒரே எடையில இருந்தாதான்மா கரை நேரா வரும். உன்னுது கொஞ்சம் கனம். உளி வச்சு ரெண்டு தட்டு தட்டினேன்."

"ஐயோ! சரி, உடைஞ்ச இடம் வெளுப்பா தெரியுமே?"

"பட்டுல துரு படக்கூடாதுன்னு நாலுக்கும் எண்ணெய் பூசிட்டேனே."

மனிதர் எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டார். அதுதான் வினை.

சங்கரி நாலையும் பையில் அள்ளிக்கொண்டு பெங்களூருக்கு ஓடினாள். ஒரே வழிதான் பாக்கி. ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் பூமிக் கல்லுக்கு ஒரு மாதிரி இருக்கும், விண்கல்லுக்கு வேறு மாதிரி இருக்கும். மூன்று கற்கள் பூமி என்று வந்துவிட்டால் மிச்சமிருப்பது அவளுடையது.

ஆய்வகத்தில் பேராசிரியர் கிறிஸ்டோபர் முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நாலும் ஒரே மாதிரி வருதும்மா. ஒண்ணுகூட பூமி இல்ல!"

சோதனையை மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அதேதான். நாலும் ஒரே தாய்ப்பாறையின் பிள்ளைகள். சங்கரி சந்தோஷத்தில் போனில் நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள்.

"அப்பா! பழைய கல்லு மூணும் எங்க கிடைச்சுது?"

"நம்ம தெரு முனிசாமி குடுத்ததும்மா. இங்கதான் பழைய பாவுல புதுப் பாவு இழை புணைச்சிக்கினு இருக்கான், கேளு."

முனிசாமி போனை வாங்கினார்.

"தென்னேரியில என் மச்சான் ஏர் ஓட்டசொல்ல மண்ணுல இருபது கல்லு கிடைச்சுது பாப்பா. உங்கப்பா மூணு போதும்னுட்டாரு, மிச்சம் பதினேழும் நம்ம தெருவுல தறிதறியா தொங்கிக்கினு இருக்குது!"