காஞ்சோண்டி வறையும் ஃபோரேஜ் அன்ரியும்

லண்டனில் பசி வந்தால் ஊரே கடைக்குப் போகும். ஃபோரேஜ் அன்ரி மட்டும் கத்தரிக்கோலோடு பூங்காவுக்குப் போவார். தோர்ண்டன் ஹீத்தில் அவர் வீட்டு மாடியறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் பூங்காவில் இலை பறித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு வெள்ளைக்காரர், "ஃபோரேஜிங்?" என்று கேட்டாராம். அன்ரி உடனே வந்து என் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நீ படிச்சனியெல்லோ, அதுக்கு என்ன அர்த்தம்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அகராதியைத் திறக்கச் சொன்னால் விடுவேனா? காடுமேடெல்லாம் உணவு தேடுவது, ஆடுமாடுகளின் தீவனம், படைவீரர்கள் ஊருக்குள் புகுந்து உணவு திரட்டுவது, பையைத் துழாவுவது என்று எல்லாவற்றையும் உரக்க வாசித்தேன்.

"மகன் 'பொறுக்கிறா' எண்டெல்லோ சொல்லுறவன்! இனி மரியாதையாச் சொல்லட்டும்."

அதன்பின் எல்லாமே ஃபோரேஜ்தான். கைப்பையில் கண்ணாடி தேடினால் ஃபோரேஜ். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஃபோரேஜ். டாக்டரிடமே, "முழங்கால் நோகுது, ஃபோரேஜ் பண்ண ஏலாமக் கிடக்கு" என்றார்.

மகனுக்குப் பேசிய பெண் வீட்டார் விருந்துக்கு வரும் நாள் வந்தது.

"அம்மா, இண்டைக்கு மட்டும் இலை குழை வேண்டாம். இந்தச் சம்பந்தம் குழம்பினா நான் செத்தன்!"

"ஓம், ஓம்" என்றார் அன்ரி. இரண்டு முறை ஓம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம். மேசையில் இறைச்சிக் கறிக்குப் பக்கத்தில், தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய பச்சை இலை வறை ஒன்று வந்து உட்கார்ந்தது. பெண்ணின் அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என்ன கீரை இது?"

"ஸ்பினாச்" என்று மகன் முந்தினான். அன்ரிக்குப் பொய் பொறுக்கவில்லை.

"இல்லை அண்ணை, காஞ்சோண்டி. நான் ஃபோரேஜ் பண்ணினது."

தொட்டாலே உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கிற காஞ்சோண்டிச் செடி! பெண்ணின் அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டார். மகனின் முகம் சோற்றைவிட வெளுத்தது.

"ஃபோரேஜ் எண்டால் மாட்டுத் தீனியெல்லோ?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஓம் அண்ணை, மாட்டுக்கும் அதுதான், ஆமிக்காரருக்கும் அதுதான். பசி எண்டு வந்தா எல்லாருக்கும் ஒரே சொல்லு. அவிச்சாக் கடிக்காது, பயப்படாதேங்கோ."

அவர் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். கடிக்கவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் போடுங்கோ, சம்மந்தி!"

அன்று பரிமாறிக்கொண்டே நின்றதில் நான் சாப்பிடவில்லை. சட்டியும் காலி. எல்லோரும் போனபின் அன்ரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், தயிருக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"உனக்கெண்டு ஒளிச்சு வச்சனான். ஆர் ஃபோரேஜ் பண்ணினாலும் அம்பிடாது."

இப்போது வெம்பிளியில் எனக்குச் சொந்தமாக ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து திறக்கும்போதெல்லாம், நான் வைக்காத ஒரு டப்பாவை என் கை தயிருக்குப் பின்னால் துழாவுகிறது.