பட்டன் வைத்த வாழ்த்து அட்டை

இதயம் கழன்று தையல்காரரின் மடியில் விழுந்தது.

சிவப்புத் துணியை இதயமாக வெட்டி, வெள்ளை அட்டையில் வைத்து, மிஷினில் பொடித் தையலாக ஓட்டியிருந்தார். துணிக்கு அது அழகு. அட்டைக்கோ, தபால்தலை ஓரத்து ஓட்டைகள் மாதிரி ஆகிவிட்டது. லேசாக மடித்ததும் இதயம் தனியே வந்துவிட்டது.

"பரவால்லப்பா," என்றாள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மகள். "மனசு கையை விட்டுப் போச்சுன்னு ஓட்டையைக் காட்டியே சொல்லிடலாம்."

"சும்மா இரும்மா. இன்னிக்கே கொடுத்தாகணும்."

மருந்துக்கடைப் பெண்மணிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. போகச் சம்மதமா என்று அவர் நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

மனைவி இறந்த பிறகு தையல்காரர் கடையைத் திறக்கவே இல்லை. மூடிக் கிடந்த ஷட்டரைத் தட்டி, "கோட்டுல பட்டன் போயிடுச்சுங்க" என்று முதலில் வந்து நின்றவர் அந்தப் பெண்மணிதான். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஒரு பட்டன். தையல்காரர் மெழுகு தடவிய இரட்டை நூலில் தைத்துப் பார்த்தார். நூலையே மாற்றிப் பார்த்தார். யானையைக் கட்டி இழுக்கலாம். அந்த வெள்ளைக் கோட்டில் மட்டும் நிற்காது. தொழிலுக்கே அவமானம். ஆனாலும் அவர் வரும் நாளில் தையல்காரர் முகச்சவரம் செய்துகொள்ளத் தொடங்கியிருந்தார்.

ஓட்டையை அடைக்க, காலருக்கு வைக்கும் கேன்வாஸை அட்டையின் பின்னால் வைத்து இஸ்திரி போட்டார். பழக்க தோஷம், முதலில் தண்ணீர் தெளித்துவிட்டார்.

"அப்பா! எழுத்து!"

ராத்திரியெல்லாம் யோசித்து எழுதியது நீலக் குளமாகப் பரவியது. பதறிப்போய் இஸ்திரிப் பெட்டியை அழுத்த, குளத்தைச் சுற்றி அட்டை பழுப்பேறியது.

பழுப்பை மறைக்க லைனிங் கொடுத்தார். பிசிறு தெரியாமல் ஓரம் மடித்துத் தைத்தார். இப்போது அட்டை மூடமாட்டேன் என்று விறைத்து நின்றது. காஜா போட்டுப் பட்டன் வைத்தார்.

மகள் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு கை வச்சுட்டா போட்டுக்கலாம்பா. ஆமா, இது கோட்டுக்குன்னு எடுத்து வச்ச பட்டனாச்சே?"

அந்த மாதிரிப் பட்டன் கடையில் வேறு கிடையாது. பொழுதும் சாய்ந்துவிட்டது.

பட்டன் இல்லாத கோட்டும் பட்டன் உள்ள அட்டையுமாகப் பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. பின்னாலேயே பெண்மணியும் வந்தார்.

"கோட்டு ரெடிதாங்க," என்று உளறினார் தையல்காரர். "பட்டன் மட்டும் இதுல இருக்கு."

பெண்மணி அட்டையின் பட்டனைக் கழற்றினார். உள்ளே, தண்ணீருக்கும் லைனிங்குக்கும் தப்பி ஓரத்தில் ஒரே ஒரு சொல் பிழைத்திருந்தது: நன்றி.

"எதுக்குங்க நன்றி?"

"பட்டனுக்குத்தான். என் தையல் சரியில்லைன்னு வேற எங்கயும் போகாம, என்கிட்டயே வந்தீங்க. நீங்க வரலைன்னா நான் அந்தக் கடையைத் திறந்திருக்கவே மாட்டேன்."

பெண்மணி அட்டையை மறுபடி மூடிப் பட்டனைப் போட்டார்.

அம்மாதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. நீங்க இறுக்கித் தைக்கிற பட்டனை இவ வாராவாரம் வெட்டி வெட்டி எங்க வீட்டுக் கத்திரிக்கோலே மழுங்கிப் போச்சு!"