அம்பது அக்காவும் அமுக்காத ஸ்டாப்வாட்சும்

மதுரையில் இரக்கப்பட்டதற்காக யாராவது திட்டு வாங்கியிருந்தால், திட்டியது எங்கள் ஹாஸ்டல் அம்பது அக்காவாகத்தான் இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் வார்டனின் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருந்தது. வாயைத் திறந்தால் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலைப் பற்றியே பேசுவார் என்பதால், எங்களுக்கெல்லாம் அம்பது அக்கா. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. கோபமும் பிறந்ததிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

ஹாஸ்டல் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். நானும் அவரும் ஒரே அறை. வாசல் டீக்கடைக்காரர் அக்காவை எதிரே வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார்: "அவுகளுக்குச் சீனி போடலாமாம்மா?"

அக்கா என் பக்கம் திரும்புவார். "போடலாம்னு சொல்லு. அப்படியே, அண்ணனுக்கு எங்கூடப் பேச வாயி வராதான்னும் கேட்டுச் சொல்லு."

பஸ்ஸில் கண்டக்டர் அவர் காதருகே வந்து, "தெப்பக்குளம் வந்துருச்சும்மா!" என்று அலறுவார். "எனக்குக் கண்ணுதாண்ணே தெரியாது. நீங்க போடுற சத்தத்துல காதும் போயிரும் போல" என்று இறங்குவார் அக்கா.

இப்படிப்பட்டவரைத் தலையில் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. பார்வை இல்லாதவர்கள் முழு வேகத்தில் நீந்தி வரும்போது சுவர் எங்கே என்று தெரியாது. அதனால் முடிவில் ஒரு ஆள் நீளக் கம்போடு நின்று, சரியான நேரத்தில் தலையிலோ முதுகிலோ ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிச் சோழவந்தானுக்குப் போய்விட்டாள்.

"எனக்கு நீச்சலே தெரியாதுக்கா."

"ஒட்டடை அடிக்கத் தெரியும்ல? அம்புட்டுத்தான்."

ஹாஸ்டல் ஒட்டடைக் கம்பின் முனையைக் கழற்றிவிட்டு டென்னிஸ் பந்தைக் கட்டினோம். வார்டன் கம்பைத் தேடு தேடென்று தேடினார்.

மாவட்டப் போட்டி வந்தது. நாற்பத்தெட்டு செகண்டுக்குள் நீந்தினால்தான் மாநிலத் தேர்வுக்குப் போகலாம். பயிற்சியில் அக்காவுக்கு நாற்பத்தேழு வந்துகொண்டிருந்தது. விதிப்படி வெளிச்சம் புகாத கறுப்பு நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றவரிடம் நடுவர், "கண்ணு தெரியாதவுகளுக்கு இது எதுக்கும்மா?" என்றார்.

"கொஞ்சம் வெளிச்சம் தெரியிறவளும் வருவா சார். எல்லாருக்கும் ஒரே இருட்டு. அதான் ரூல்சு."

மூன்று பெண்கள் குதித்தார்கள். நான் எப்படியோ தட்டிவிட்டேன். அக்கா சுவரைத் தொட்டதும் கேட்டார்: "எத்தன செகண்டு சார்?"

நடுவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது. அமுக்கவே இல்லை! "டைம் எதுக்கும்மா? தைரியமா நீந்துனீங்களே, அதுவே பெருசு. மூணு பேருமே ஃபர்ஸ்ட்தான்" என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் எட்டு வயதுப் பொடிசுகளுக்கெல்லாம் செகண்டில் நூறில் ஒரு பங்கு வரை குறித்த மனிதர் இவர்!

"மூணு பேரும் ஃபர்ஸ்டுன்னா தோத்தது யாரு சார், நீங்களா?" என்றார் அக்கா.

டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த பெண்ணும் தண்ணீருக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "நாந்தான் கடைசின்னு எனக்கே தெரியுது சார். அதையாச்சும் ஒழுங்கா எழுதுங்க."

அக்கா கரையேறி, தடவித் தடவி, குதிக்கும் மேடையில் போய் நின்றுகொண்டார். அடுத்து ஆண்கள் போட்டி. சிறப்பு விருந்தினர் வேறு சாப்பாட்டு நேரமாகிவிட்டதென்று நெளிந்துகொண்டிருந்தார்.

"வாட்ச்ச அமுக்குற வரைக்கும் எறங்க மாட்டேன்."

"விழுந்துருவீங்கம்மா!"

"விழுந்தாத் தண்ணிதான சார்."

அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு மறுபடி விசில் ஊதினார்கள். ஏற்கெனவே ஒருமுறை நீந்திய உடம்பு. பாதி தூரத்திலேயே அக்காவின் கை கனத்துவிட்டது தெரிந்தது. அப்படியும் வேகத்தைக் குறைக்காமல் சுவரை நோக்கி வந்தார். ஐயோ, மண்டை உடைந்துவிடுமே என்று என் மனசு பதறியது. கம்பை முன்னாலேயே போட்டுவிட்டேன். அக்கா சுவரென்று நம்பிக் கையை நீட்டினார். சுவர் இல்லை. தடுமாறி, இன்னும் இரண்டு கை போட்டுத்தான் தொட்டார்.

நாற்பத்தெட்டு புள்ளி மூன்று.

நடுவர் மனமிரங்கி, "நாப்பத்தேழுன்னு போட்டுக்கலாமா?" என்றார்.

"புள்ளி மூணையும் சேத்து எழுதுங்க. அது நான் நீந்துனது."

திரும்பும் ஆட்டோவில் என்னிடம் கேட்டார்: "ஏன்டி முன்னாடியே தட்டுன?"

"அடிபட்டுருமோன்னு..."

"அந்தாளு பாவம்னு வாட்ச்ச அமுக்கல. நீ பாவம்னு கம்பப் போட்டுட்ட. ரெண்டு பேருக்கும் என்னடி வித்தியாசம்?"

ஒன்றுமில்லைதான். நான் அழுதேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேற ஆளுக்கு நான் எங்கிட்டுப் போக? மாநிலத் தேர்வுக்கு ரெண்டு மாசத்துல இன்னொரு போட்டி இருக்கு. காலைல அஞ்சரைக்குக் கெளம்பிரு."

அடுத்த போட்டியில் எல்லா வாட்ச்சும் ஓடியது. அக்கா முதலிலேயே ஒவ்வொன்றையும் அமுக்கச் சொல்லிக் காதில் வைத்து, பீப்பென்ற சத்தம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நொடிவரை காத்திருந்து நச்சென்று ஒரு தட்டுத் தட்டினேன். நாற்பத்தேழு புள்ளி ஆறு.

அக்கா தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "விண்ணு விண்ணுங்குதுடி."

அதைவிடப் பிரியமாக நான் யாரையும் அடித்ததில்லை.