உள்ளே விட்டு அடிப்பவர்

2008 ஒக்டோபர் 4, பிளேஸ்டோ, பிறந்தநாள் விழா: எதிரிகள் எண்ணூறு பேர்.
2008 டிசம்பர் 20, லூயிஷாம், சாமத்தியவீடு (பூப்பு விழா): மூவாயிரம் பேர்.
2009 பெப்ரவரி 7, குட்மேய்ஸ், வீடு குடிபுகுதல்: பன்னிரண்டாயிரம் பேர்.
2022 மார்ச் 5, மறுபடியும் பிளேஸ்டோ, பிறந்தநாள் விழா: ரஷ்யப் போர்த் தாங்கிகள் நாற்பது.

மேலே உள்ள தொகை முழுவதையும், ஒரு கையில் மட்டன் ரோல்ஸும் மறுகையில் கிளாஸுமாக நின்றுகொண்டு, சாப்பாட்டு மேசையிலேயே முடித்துக் கொடுத்தவர் ஒரே ஒருவர். நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன். இந்த இனத்தை நீங்களும் அறிவீர்கள். இதன் பெயர் லண்டன் இராணுவ ஆய்வாளர். புரட்சிப் படை ஒன்றின் முதன்மைத் திட்டமிடலாளர் என்ற பதவியை, அந்தப் படைக்குத் தெரியாமலே முப்பது வருடம் வகித்து வருபவர்.

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. மண்டபத்தில் கேக் வெட்டும் பக்கம் தேடாதீர்கள். போத்தல் வைத்திருக்கும் பின்மேசைக்குப் போங்கள். அங்கே உப்புக் குப்பி கட்டளைத் தலைமையகமாகவும், நனைந்த டிஷ்யூ கடல்நீரேரியாகவும், வரிசையாக அடுக்கிய ரோல்ஸ்கள் மண் அணையாகவும் மாறியிருந்தால், சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஊர்கள் ஒவ்வொன்றாக இராணுவத்திடம் போய்க்கொண்டிருந்த மாதங்களில், சனம் இரவுச் செய்தியைப் பார்க்கப் பயந்து போனை மூடி வைத்த மாதங்களில், இவர் மட்டும் கலங்கவே இல்லை. ஒவ்வொரு ஊர் போனபோதும் ஒரு ரோல்ஸைப் பின்னால் நகர்த்திவிட்டு, அதே வசனத்தைச் சொன்னார்.

"இது பின்வாங்கல் இல்லைக் கண்டியளோ. உள்ள விட்டு அடிக்கிறது."

உள்ளே விட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

எடுத்துக்காட்டுக்கு குட்மேய்ஸ் கனகலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1985இல் மாணவனாக வந்து, கணக்கியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டு, ஓய்வு பெறும்வரை பெற்றோல் நிலையங்களில் கல்லாவில் இருந்தவர். துப்பாக்கி ஒன்றை அவர் கிட்டத்தில் பார்த்தது ஒரே தடவை, கொள்ளையடிக்க வந்தவனின் கையில். அன்றும் அவர் தன் கொள்கையிலிருந்து விலகவில்லை. உள்ளே விட்டார். அடிக்கத்தான் இல்லை.

அவருடைய பதவி உயர்வுகளைக் கவனியுங்கள். போர் நடந்தபோது அவர் பேச்சில் போராளிகளுக்குப் பெயர் "பெடியள்" என்றிருந்தது, போர் முடிந்து இரண்டு வருடத்தில் "எங்கட பெடியள்" ஆகி, ஐந்து வருடத்தில் "நாங்கள்" ஆகி, பத்தாவது வருடம் ஒரு சாமத்தியவீட்டில் பால்சோற்றுக்கும் ஐஸ்கிரீமுக்கும் இடையில் "நான்" ஆனது. எந்தப் படையில் ஒருவருக்கு யுத்தம் முடிந்த பிறகு இத்தனை வேகமாகப் பதவி உயர்ந்திருக்கிறது? மறுத்துச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இல்லை என்பதுதான் அவருடைய தகுதி. உயிரோடு சுற்றி நின்ற எங்களுக்கு அவர் வந்த வருடம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்ததாக, "நீங்கள் எப்ப வந்தனியள்?" என்று வரும். எங்கள் எல்லோரிடமும் ஒரு விமானச் சீட்டின் தேதி இருந்தது.

பிறகு இணையத் தொலைக்காட்சி ஒன்று அவரைக் கூப்பிட்டது. கோட்டு அணிந்துகொண்டு போனார். பெயருக்குக் கீழே, "முன்னாள் முதன்மை இராணுவத் திட்டமிடலாளர்" என்று எழுத்து ஓடியது. அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. கடைசி மண் அணையை எந்த வளைவில், எத்தனை முழ உயரத்தில் தான் வரைபடத்தில் கீறினார் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அந்த நிகழ்ச்சியை ஒரு பெண் நம்பிவிட்டாள்.

அஜித்தா லூயிஷாமில் இருப்பவள், எங்களுக்குப் புதியவள். அவளுடைய தம்பி அபிஷனைப் பதினேழு வயதில், போரின் கடைசி மாதங்களில், இயக்கத்தார் பிடித்துக்கொண்டுபோய் அணை வெட்ட விட்டிருந்தார்கள். தடுப்பு முகாம், விசாரணை எல்லாம் கண்டு லண்டன் வந்தவன் அகதி விண்ணப்பம் போட்டான். நீ இயக்கத்தில் இருந்ததை நம்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பொறுப்பில் இருந்த யாராவது ஒருவர் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும் என்றாராம் லோயர். அவள் கனகலிங்கத்தைத் தேடி குட்மேய்ஸில் ஒரு பிறந்தநாளுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணை, அந்த மண் அணையைக் கீறினது நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை. நித்திரையில்லாமல் இருந்து கீறினனான்."

"என்ர தம்பி அதை வெட்டினவன்."

வாய்க்குப் போன ரோல்ஸ் பாதி வழியில் நின்றது.

"நீங்கள் ஒரு கடிதம் தந்து, கோர்ட்டில வந்து ஒருக்காச் சொன்னால் காணும் அண்ணை. இல்லாட்டி அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்க இறங்கின உடனே தூக்குவாங்கள்."

"பிள்ளை, இதுகள் எழுத்தில வைக்கிற விசயமில்லை."

"டிவியில சொன்னியளே?"

"அது வேற. அது மக்களுக்குச் சொன்னது."

சூசைதாசன் பொறுக்க மாட்டாதவர், கனகலிங்கத்தோடு ஒரே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறியவர். மண் அணையின் நடுவில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"கனகு, உன்ர ரகசியத்தை எண்பதாயிரம் பேர் பாத்திட்டாங்கள். இனி ஆருக்கடா ஒளிக்கிறாய்?"

"உனக்கு உதுகள் விளங்காது சூசை. நேரம் வரேக்க செய்வம்."

அன்றிலிருந்து தொடங்கியது, இராணுவ வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு பின்வாங்கல். முதலில் போன் அணைந்தது. பிறகு லூயிஷாம் சிவன் கோயிலில், அஜித்தா வசந்த மண்டபத்துப் பக்கம் வருவதைக் கண்டவர், அர்ச்சனைத் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் பின்கதவால் வெளியேறினார். அவள் வீட்டுக்கே போனபோது மனைவி சந்திரவதனா கதவைக் கால்வாசி திறந்து, "அவர் ஷிப்டில பிள்ளை," என்றார். ஓய்வு பெற்று ஐந்து வருடமான மனிதர் ஷிப்டில்! மாடியில் திரைச்சீலை அசைந்தது. முன்னரங்கு படுக்கையறைவரை சுருங்கிவிட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் லோயர் அந்த நிகழ்ச்சியின் பதிவையே சான்றாகப் போட்டுவிட்டார். இந்தச் செய்தி குட்மேய்ஸை எட்டியதும் நம் தளபதி நடுங்கிப்போனார். தன்னையும் விசாரித்து, தன்னுடைய பிரித்தானியக் கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். எத்தனையோ படைகள் சூழ்ந்தும் கலங்காதவர், உடனே உட்கார்ந்து நீதிமன்றத்துக்கு நேரடியாகவே ஒரு கடிதம் எழுதினார். அதன் பிரதியை அஜித்தா எனக்குக் காட்டினாள். தான் 1985இல் வந்ததாகவும், படிப்பை விட்ட நாள் தொட்டு ஓய்வு பெறும்வரை பெற்றோல் நிலையங்களில் வேலை செய்ததாகவும், எந்த இயக்கத்திலும் ஒரு நாளும் இருந்ததில்லை என்றும், அந்த அணையைக் கண்ணாலும் கண்டதில்லை என்றும், நிகழ்ச்சியில் பேசியதெல்லாம் பொழுதுபோக்குக்காக என்றும் எழுதியிருந்தார். வரிவரியாகச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. அவர் வாழ்நாளில் வெளியிட்ட உண்மையான போர் அறிக்கை அது ஒன்றுதான்.

நீதிபதியின் முடிவு சுருக்கமாக இருந்தது. விண்ணப்பதாரி கொண்டுவந்த சாட்சியம் பொய்யானது, ஆகவே விண்ணப்பதாரியையும் நம்புவதற்கில்லை. அணையைக் கீறியவர் புளுகர் என்பதால், அதை வெட்டியவனும் புளுகன் ஆனான். மண்வெட்டி பிடித்த உள்ளங்கைத் தழும்பை அபிஷன் காட்டினானாம். தழும்பில் தேதி இல்லை.

முடிவு வந்த அந்த வாரச் சனிக்கிழமை பிளேஸ்டோவில் ஒரு பிறந்தநாள். கனகலிங்கம் வந்திருந்தார். உப்புக் குப்பியைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, அபிஷனின் வழக்கு தோற்ற காரணத்தை விளக்கினார்.

"பிழையான லோயரைப் பிடிச்சிட்டாள் அந்தப் பிள்ளை. என்னட்டைக் கேட்டிருந்தால், அவங்களை நல்லா உள்ள விட்டு அடிச்சிருக்கலாம்."

சூசைதாசன் அன்று வரவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அவருக்கு இன்னொரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கனகலிங்கத்தைப் போல ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்கிறீர்கள். நல்லது. ஆனால் படையில்லாமல் எந்தத் தளபதியும் இல்லை. போன சனிக்கிழமை அவர் அணை கட்டியபோது தட்டை நீட்டியது யார்? "அப்பிடியோ அண்ணை?" என்று கேட்டு அவருக்கு அடுத்த பதவி உயர்வைக் கொடுத்தது யார்? அடுத்த விழாவில் உங்கள் விரல் தன்னையறியாமல் உப்புக் குப்பியை நோக்கி நகர்ந்தால், கொஞ்சம் பொறுங்கள். ஒரு தேதியை மட்டும் மனதில் வையுங்கள். இனி மேன்முறையீடு இல்லை, நாட்டை விட்டு வெளியேற ஆயத்தமாகவும் என்று அபிஷனுக்கு எழுதிய கடைசிக் கடிதம் லூயிஷாமில் அஜித்தாவின் வீட்டுக் கதவுக்குள் விழுந்தது 2025 பெப்ரவரி 13, வியாழக்கிழமை.